டீச்சர், பதிலை நீங்களே சொல்லலாம்

கடிதம் எழுதினவங்க டெல்டா பக்கம் ஒரு மெட்ரிக் ஸ்கூல்ல ஏழாம் வகுப்புக்கு சயின்ஸ் எடுக்கிறாங்க, வேலைக்கு சேர்ந்து இது ரெண்டாவது வருஷம், இன்னும் ப்ரொபேஷன் முடியல. பேரும் ஊரும் வேண்டாம்னு கேட்டிருக்காங்க. நாலு பக்கக் கடிதம், சுருக்கிச் சொல்றேன்.

பி.எட்.ல பியாஜே, வைகாட்ஸ்கி, புரூனர்னு பிள்ளைங்க எப்படி கத்துக்குதுன்னு ஆராய்ஞ்ச உளவியலாளர்களை எல்லாம் ஆசையா படிச்சிருக்காங்க. அறிவுங்கிறது டீச்சர் ஊத்துறது இல்ல, பிள்ளை தானே கட்டிக்கிறதுங்கிற அந்த கன்ஸ்ட்ரக்டிவிசம் மனசுல ஆழமா பதிஞ்சிருக்கு. இந்த வருஷம் ஜூன்லயே ஒரு முடிவு எடுத்துட்டாங்க: இனிமே நோட்ஸ் டிக்டேட் பண்றதில்ல, விடையைச் சொல்றதில்ல, எல்லாமே கண்டறி முறை. அடர்த்தி பாடத்துக்கு வாளில தண்ணி வச்சு, கல், பூட்டு, போல்ட்டு, ஸ்பூன், தெர்மாகோல், இலை, பாட்டில் மூடி, தீக்குச்சி, இறகு எல்லாம் குடுத்து, எது மிதக்குது, எது மூழ்குது, ஏன்னு நீங்களே கண்டுபிடிங்கன்னு விட்டிருக்காங்க. நாப்பது பிள்ளைங்க, அஞ்சு குரூப். மூணு பீரியட் போயிருக்கு. நாலு குரூப் "கனமானது மூழ்கும், லேசானது மிதக்கும்"னு எழுதி குடுத்திருக்கு, ஒரே ஒரு குரூப் மட்டும் "அடர்த்தி"னு எழுதியிருக்கு. ஒரு பொண்ணு எழுந்து, "மிஸ், கடைசில சரியான பதில் என்னன்னு சொல்லவே மாட்டீங்களா?"ன்னு கேட்டிருக்கா. சொன்னா அவ யோசனையைக் கொன்ன மாதிரி ஆகிடும்னு சொல்லாம விட்டிருக்காங்க.

யூனிட் டெஸ்ட்ல வகுப்பு சராசரி 68-ல இருந்து 51-க்கு வந்துடுச்சு. பேரண்ட்ஸ் மீட்டிங்ல நோட்ஸே இல்லன்னு ரெண்டு பேர் சத்தம் போட்டிருக்காங்க. ஹெச்.எம். மெமோ குடுத்துட்டாங்க, பழைய முறைக்குத் திரும்பணும், போர்ஷனை மாசக் கடைசிக்குள்ள முடிக்கணும், ஒரு வாரத்துக்குள்ள எழுத்துல பதில் வேணும்னு. கூட வேலை பாக்கிற சீனியர் ஒருத்தர், "இதெல்லாம் வெளிநாட்டு சமாச்சாரம், நம்ம பிள்ளைங்களுக்கு செட் ஆகாது"ங்கிறார். கேள்வி மூணு. கொள்கையே தப்பா, நான்தான் தப்பா பண்ணிட்டேனா? கல்வி உரிமைச் சட்டத்தைக் காட்டி மெமோவுக்குப் பதில் சொல்லலாமா? வேலையை விட்டுட்டு, சம்பளம் பாதியானாலும் ஒரு மாற்றுக் கல்வி பள்ளிக்குப் போயிடலாமா?

டீச்சர், உங்க கடிதத்தை ஆசிரியர் பயிற்சில பல வருஷம் இருந்தவங்கிற முறைல படிச்சேன், மதிப்போட படிச்சேன். நாப்பது பிள்ளை இருக்கிற வகுப்புல வாளித் தண்ணியை உள்ள கொண்டு வர்றதுக்கே ஒரு துணிச்சல் வேணும், அதை யாரும் உங்ககிட்ட சொல்லியிருக்க மாட்டாங்க, அதனால நான் முதல்ல சொல்லிடறேன். பதில் கொஞ்சம் நீளம். சில இடத்துல உங்களுக்கு வலிக்கலாம், ஆனா உங்க ஹெச்.எம். சொல்றதுதான் சரின்னு நான் சொல்லப் போறதில்ல.

அந்தப் பொண்ணு கேட்டது நியாயமான கேள்வி

உங்க கடிதம் முழுக்க ஒரு நம்பிக்கை ஓடுது. டீச்சர் சொன்னா அது பழைய முறை, டீச்சர் சொல்லாம இருந்தா அது கன்ஸ்ட்ரக்டிவிசம். இதைத்தான் நான் முதல்ல மாத்தப் பாக்கிறேன். கன்ஸ்ட்ரக்டிவிசம்ங்கிறது மனுஷ மூளை எப்படி கத்துக்குதுன்னு சொல்ற ஒரு கொள்கை. டீச்சர் வாயைத் தொறக்கலாமா கூடாதான்னு அது சொல்லவே இல்ல. ஒரு பிள்ளை கையைக் கட்டிட்டு உக்காந்து நல்ல விளக்கத்தைக் கேக்கும்போதும் தனக்கு ஏற்கனவே தெரிஞ்சதோட அதை ஒட்டி, வெட்டி, மாத்தி, தானாத்தான் கட்டிக்குது. அதே பிள்ளை வாளில கையை விட்டு அரை மணி நேரம் தண்ணியைக் கலக்கிட்டு, தலைக்குள்ள எதையுமே கட்டாம எழுந்து போகவும் முடியும். கை வேலை செய்யுதா, மூளை வேலை செய்யுதாங்கிறது வேற வேற கேள்வி. ரிச்சர்ட் மேயர்ங்கிற அமெரிக்க உளவியலாளர் 2004-ல எழுதின ஒரு கட்டுரைல இந்தக் குழப்பத்தைத்தான் தனியா பேர் வச்சு சுட்டிக் காட்டினார். அறுபதுகள்ல புதிர் விதிகள், எழுபதுகள்ல பியாஜே பாணிச் சோதனைகள், எண்பதுகள்ல லோகோ கம்ப்யூட்டர் மொழின்னு மூணு காலத்து ஆய்வுகளை எடுத்து வச்சு, ஒவ்வொரு தடவையும் பிள்ளைகளை முழுசா தனியா விட்டதை விட வழிகாட்டுதலோட விட்டதுதான் நல்ல பலன் தந்துச்சுன்னு காட்டினார்.

நீங்க மதிக்கிற பெரியவங்களே இதைத்தான் சொன்னாங்க. புரூனர் 1961-ல கண்டுபிடிச்சு கத்துக்கிறதைப் பத்தி எழுதின அதே கட்டுரைல, கண்டுபிடிப்பு தயாரா இருக்கிற மனசுக்குத்தான் வாய்க்கும்னு எழுதியிருக்கார். வைகாட்ஸ்கியோட மையக் கருத்தே, பிள்ளை இன்னைக்கு ஒரு பெரியவர் துணையோட செய்யறதை நாளைக்குத் தனியா செய்யும்ங்கிறதுதான். அதுல "துணையோட"ங்கிறதை எடுத்துட்டா வைகாட்ஸ்கியே இல்ல. பி.எட். பரீட்சைல "ஆசிரியர் ஒரு வழிகாட்டி மட்டுமே"ன்னு அஞ்சு மார்க்குக்கு எழுதறோம், ஆனா வழிகாட்டின்னா வழியைக் காட்டணும்ல.

கார்னகி மெலன் பல்கலைக்கழகத்துல கிளார், நிகம்னு ரெண்டு பேர் 2004-ல வெளியிட்ட ஆய்வை உங்களுக்கு சொல்லியே ஆகணும், ஏன்னா அது உங்க வகுப்புக்கு ரொம்ப நெருக்கம். 3, 4-ம் வகுப்புப் பிள்ளைங்க நூறு பேருக்கு மேல. சாய்வுப் பலகைல பந்தை உருட்டிவிட்டு, எது வேகத்தை மாத்துதுன்னு சோதிக்கணும். ஒரு பாதிக்கு, ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்தணும், மத்ததெல்லாம் அப்படியே இருக்கணும்னு நல்ல சோதனை, கெட்ட சோதனை ரெண்டையும் காட்டி விளக்கினாங்க. இன்னொரு பாதிக்கு அதே பலகை, அதே பந்து, அதே நேரம், ஆனா விளக்கம் கிடையாது, நீங்களே பண்ணிப் பாருங்கன்னு விட்டாங்க. சொல்லிக் குடுத்ததுல 77 சதவீதம் பேர் தேறினாங்க, தானா விட்டதுல 23 சதவீதம். இன்னொண்ணு, எனக்கு இதுதான் பெருசாப் பட்டுச்சு: பிறகு வேற பிள்ளைங்களோட சயின்ஸ் கண்காட்சி போஸ்டரைக் குறை நிறை சொல்லச் சொன்னப்போ, தானா கண்டுபிடிச்ச பிள்ளைக்கும் சொல்லித் தெரிஞ்சுகிட்ட பிள்ளைக்கும் வித்தியாசமே தெரியல. தானா கண்டுபிடிச்சாதான் ஆழமா பதியும்னு நாம பிடிச்சுக்கிட்டு இருக்கோமே, அது அந்த இடத்துல நிக்கல.

அதனால அந்தப் பொண்ணுகிட்ட நாளைக்கே போய் சொல்லுங்க டீச்சர். மூணு பீரியட் முட்டி மோதிட்டு ஒருத்தி பதில் கேக்கிறான்னா, கத்துக்கிறதுக்கு அதை விட நல்ல நேரம் கிடைக்காது. சிங்கப்பூர்ல மனு கபூர்ங்கிற கல்வி ஆய்வாளர் பண்ணின ஆய்வுகள்ல பிள்ளைகளை முதல்ல ஒரு கஷ்டமான கணக்கோட தடுமாற விடுவாங்க, தப்பு தப்பா முயற்சி பண்ணுவாங்க, அதுக்கு அப்புறம் டீச்சர் வந்து, அவங்க போட்ட வழிகளையே எடுத்து வச்சு, சரியான முறையைத் தெளிவா விளக்குவார். அந்தத் தடுமாற்றத்துக்குப் பலன் கிடைச்சது பின்னாடி அந்த விளக்கம் இருந்ததாலதான். நீங்க முதல் பாதியை அழகா பண்ணிட்டு ரெண்டாவது பாதியை விட்டுட்டீங்க.

அந்த வாளில என்ன நடந்துச்சு

நாலு குரூப் தப்பா எழுதுச்சுன்னு வருத்தப்படறீங்க. அவங்க தப்பா எழுதலங்க. நீங்க குடுத்த பொருளை எல்லாம் திரும்பப் பாருங்க, மூழ்கினது கல், பூட்டு, போல்ட்டு, ஸ்பூன், எல்லாமே கைக்கு கனமா இருக்கிறது. மிதந்தது தெர்மாகோல், இலை, மூடி, தீக்குச்சி, இறகு, எல்லாமே லேசு. அந்த வாளியை மட்டும் பார்த்து ஒரு விஞ்ஞானி வந்து எழுதினாலும் கனமானது மூழ்கும்னுதான் எழுதுவார். பிள்ளைங்க கட்டிக்கிட்டாங்க, கன்ஸ்ட்ரக்டிவிசம் அப்படியே நடந்திருக்கு, ஆனா அவங்களுக்கு நீங்க குடுத்த செங்கல்லு அந்தச் சுவரைத்தான் கட்டவிடும். இங்கிலாந்துல லீட்ஸ் பல்கலைக்கழகத்துல ரோஸலிண்ட் டிரைவர்னு ஒருத்தங்க, கன்ஸ்ட்ரக்டிவிசம் பக்கத்து ஆள்தான், பிள்ளைங்க சயின்ஸ் வகுப்புக்கு என்னென்ன முன் எண்ணத்தோட வர்றாங்கன்னு ஆராய்ஞ்சவங்க. சோதனை பண்ணிட்டா மட்டும் விஞ்ஞானக் கருத்து தானா முளைச்சு வராதுன்னு எண்பதுகள்லயே எச்சரிச்சிருக்காங்க.

இப்போ அந்தப் பொருள்கள்ல ரெண்டை மட்டும் மாத்துங்க. ஒரு தர்பூசணிப் பழம், ஒரே ஒரு திராட்சை. மூணு கிலோ தர்பூசணி மிதக்கும், சுண்டுவிரல் நுனி அளவு திராட்சை மூழ்கும். இதைப் பார்த்ததுக்கு அப்புறம் எந்தப் பிள்ளையும் கனமானது மூழ்கும்னு நிம்மதியா எழுத முடியாது. இப்படிப் பொருளைத் தேர்ந்தெடுக்கிறதும் கத்துக்குடுக்கிறதுதான் டீச்சர், நீங்க ஒரு வார்த்தை பேசறதுக்கு முன்னாடியே பாதிப் பாடம் நடந்து முடிஞ்சிருக்கும். கருங்காலிக் கட்டை கிடைச்சா அதையும் போடுங்க, மரம்னா மிதக்கும்னு நம்பிட்டு வந்த பிள்ளை முழிக்கும்.

சரி, அந்த ஒரு குரூப் "அடர்த்தி"னு எழுதுச்சே, அதைப் பத்தி நீங்க சந்தோஷமா எழுதியிருக்கீங்க. கூடவே அந்த குரூப்ல மூணு பேர் ஒரே டியூஷன் சென்டர்னு போற போக்குல ஒரு வரி போட்டிருக்கீங்க. அந்த வரில கொஞ்சம் நில்லுங்க. அவங்க கண்டுபிடிக்கல, நேத்து சாயங்காலம் ஒருத்தர் சொல்லிக் குடுத்ததை இன்னைக்கு எழுதினாங்க. டீச்சர் வகுப்புல சொல்லாம விட்டா பதில் காத்துல வராது, யார் வீட்டுல பணம் இருக்கோ, படிச்ச அப்பா அம்மா இருக்காங்களோ, அங்க இருந்து வரும். முதல் தலைமுறையா படிக்க வர்ற பிள்ளைக்கு சொல்றதுக்கு உங்களைத் தவிர வேற யாரும் இல்ல. எனக்கு இந்த விஷயத்துல ரொம்ப கோவமே வரும், நல்ல நோக்கத்தோட செய்யற ஒரு காரியம் கடைசி பெஞ்சுப் பிள்ளையைத்தான் முதல்ல கைவிடுது.

அதே பாடத்தை ரெண்டு பீரியட்ல இப்படி எடுத்துப் பாருங்க. முதல்ல தண்ணில எதையும் போடாதீங்க. ஒவ்வொரு பொருளையும் தூக்கிக் காட்டி, மிதக்குமா மூழ்குமா, ஏன்னு ஒவ்வொரு பிள்ளையும் தன் நோட்டுல தனியா எழுதணும், குரூப்பா இல்ல. எழுதிட்டா டியூஷன் பிள்ளை சத்தத்துல மத்தது அமுங்காது, தன் ஊகத்துக்கு அதுவே பொறுப்பாகிடும். அப்புறம் போட்டுக் காட்டுங்க, தர்பூசணியும் திராட்சையும் கடைசியா. சண்டை வரும், பத்து நிமிஷம் விடுங்க. அப்புறம் போர்டுக்குப் போங்க, தெளிவா சொல்லுங்க: எவ்வளவு கனம்ங்கிறது மட்டும் போதாது, அந்தக் கனம் எவ்வளவு இடத்துல அடைஞ்சிருக்குங்கிறதுதான் விஷயம், நிறையை கன அளவால வகுத்தா அடர்த்தி, தண்ணிக்கு ஒரு கன சென்டிமீட்டருக்கு 1 கிராம், இரும்புக்கு 7.9 கிட்ட, தேங்காய் எண்ணெய்க்கு 0.92 கிட்ட. இந்தக் கருத்தை ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒரு பீரியட்ல தானா உருவாக்கணும்னு எதிர்பாக்கிறது அநியாயம். அப்புறம் ஒரு கணக்கை முழுசா போட்டுக் காட்டுங்க, அடுத்ததைப் பாதி போட்டுட்டு விடுங்க, அதுக்கு அடுத்ததை அவங்களே போடட்டும். புதுசா கத்துக்கிறவங்களுக்கு முழுசா போட்டுக் காட்டின கணக்கு எவ்வளவு உதவும்னு ஜான் ஸ்வெல்லர்ங்கிற கல்வி உளவியலாளர் எண்பதுகள்ல இருந்து காட்டிட்டு வர்றார். நல்லா பழகினதுக்கு அப்புறம் அதே உதவி தேவையில்லாம போயிடும், அப்போ கையை எடுத்துடணும். கடைசியா அவங்களுக்கு ஒரு புதிர்: நல்ல தண்ணில மூழ்கற முட்டை உப்புத் தண்ணில ஏன் மிதக்குது? இப்போ விடுங்க தனியா, பிச்சு எடுப்பாங்க.

கண்டறி முறையைத் தூக்கிப் போடுங்கன்னு நான் சொல்லவே இல்ல. எதுக்கு எடுக்கிறதுங்கிறதுதான். அலகு, குறியீடு, பேரு, வரையறை, இதையெல்லாம் யாராலயும் கண்டுபிடிக்க முடியாது, மனுஷங்க கூடிப் பேசி வச்சுக்கிட்டது, சொல்லித்தான் ஆகணும். ஊசல் மாதிரி ஒரு பாடம் வேற. நூல்ல ஒரு நட்டைக் கட்டித் தொங்கவிட்டு, நீளம் 25 சென்டிமீட்டர்னா 10 தடவை ஆடி முடிக்க 10 விநாடி கிட்ட ஆகும், 100 சென்டிமீட்டர்னா 20 விநாடி கிட்ட. நட்டு ஒண்ணுக்கு ரெண்டா கட்டினாலும், நீளம் மாறாம பாத்துக்கிட்டா, நேரம் மாறாது. செலவே இல்லாத சோதனை, பிள்ளைங்களே பிடிச்சிடுவாங்க, நாலு மடங்கு நீளத்துக்கு ரெண்டு மடங்கு நேரம்தான்னு பாக்கிறப்போ ஒரு ஆச்சரியம் வரும் பாருங்க, அது டிக்டேஷன்ல வராது. ஆனா அதுக்கு முன்னாடி ஒண்ணை மட்டும் மாத்துங்கிற விதியை நீங்க சொல்லிக் குடுத்திருக்கணும், இல்லன்னா நூலையும் நட்டையும் சேர்த்து மாத்திட்டு எதாவது எழுதுவாங்க.

ஹெச்.எம். நினைக்கிறதும் சரி இல்ல

மேல சொன்னதை எல்லாம் படிச்சுட்டு, அப்போ பழைய நோட்ஸ் முறையே ஜெயிச்சுதுன்னு நினைச்சிடாதீங்க. ஆய்வுகள்ல நேரடியா கத்துக்குடுக்கிறதுன்னு சொல்றது விளக்கறது, செஞ்சு காட்டறது, நடுவுல கேள்வி கேட்டு புரிஞ்சுதான்னு பாக்கிறது, தப்பை உடனே திருத்தறது, பயிற்சி குடுக்கிறது, இது மொத்தமும். கைடைப் பார்த்து டிக்டேட் பண்ணி, ஒன் வேர்டை மனப்பாடம் பண்ண வைக்கிறது அது இல்ல, ரெண்டுக்கும் சம்பந்தமே கிடையாது. 2011-ல அல்ஃபியேரிங்கிற ஆய்வாளரும் கூட இருந்தவங்களும் 164 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தாங்க. உதவியே இல்லாத கண்டறி முறை தெளிவான விளக்கத்தை விட மோசம்னு வந்துச்சு. ஆனா உதவியோட கூடிய கண்டறி முறை, அதாவது பிள்ளை தன் யோசனையை விளக்கிச் சொல்லணும், டீச்சர் உடனுக்குடன் திருத்தணும், போட்டுக் காட்டின உதாரணம் இருக்கணும், அது மத்த முறைகளை விட நல்லா வந்துச்சு. நீங்க போக வேண்டிய இடம் அதுதான், உங்க ஆசைக்கும் அதுக்கும் தூரம் கம்மி.

உங்க சீனியர்கிட்ட சண்டை போட வேண்டாம், ஆனா வெளிநாட்டு சமாச்சாரம்னு அவர் சொன்னது உண்மை இல்ல. 2003-ல சென்னை மாநகராட்சிப் பள்ளிகள்ல எம்.பி. விஜயகுமார் ஐ.ஏ.எஸ். முன்னெடுத்து செயல்வழிக் கற்றல் தொடங்குச்சு, ஆந்திராவுல இருக்கிற ரிஷிவேலி கிராமப் பள்ளிகளோட அட்டை முறையைப் பார்த்துட்டு வந்து நம்ம டீச்சர்களே உட்கார்ந்து அட்டை தயாரிச்சாங்க, 2007-08 வாக்குல தமிழ்நாடு முழுக்க அரசு தொடக்கப் பள்ளிகளுக்குப் போச்சு. ஏணிப்படி, அட்டை, தட்டு, பாயில வட்டமா உக்காரறது, எல்லாம் நம்ம ஊர்ல நடந்தது. அதையும் கவனமா பாருங்க, அதுல பிள்ளையை சும்மா விடல. அறிமுக அட்டை, பயிற்சி அட்டை, மதிப்பீட்டு அட்டை, தேறலன்னா குறைதீர் அட்டைன்னு ஒவ்வொரு படிக்கும் ஒரு துணை வச்சிருந்தாங்க.

மார்க் எதைக் காட்டுது, எதைக் காட்டல

51-ங்கிற சராசரியை மட்டும் வச்சு உங்களை நீங்களே அடிச்சுக்காதீங்க. அந்த விடைத்தாளை எடுத்து கேள்வி வாரியா எண்ணுங்க. வரையறை, கோடிட்ட இடம், அலகு, இதுல எத்தனை பேர் விட்டாங்க, காரணம் கூறுக மாதிரி கேள்வில எத்தனை பேர் விட்டாங்க. முதல் வகைல மட்டும் விழுந்திருந்தா, சொல்ல வேண்டியதை சொல்லாம விட்டதோட விளைவு, ரெண்டு வாரத்துல சரியாகிடும். ரெண்டாவது வகையிலயும் விழுந்திருந்தா புரிதலே நடக்கல, பாடத்தைத் திரும்ப எடுக்கணும். எது நடந்துச்சுன்னு தெரியாம மருந்து குடுக்க முடியாது.

இன்னொரு பக்கமும் இருக்கு. மத்தியப் பிரதேசத்துல ஹோஷங்காபாத் மாவட்டத்துல, இப்போ அது நர்மதாபுரம், 1972-ல 16 மிடில் ஸ்கூல்ல ஒரு அறிவியல் கல்வித் திட்டம் தொடங்கினாங்க, ஆறு, ஏழு, எட்டுக்கு, முழுக்க சோதனை வழியா. 1978-ல மாவட்டம் முழுக்கப் போச்சு. பிறகு ஏகலவ்யாங்கிற கல்வித் தொண்டு அமைப்பு அதை நடத்துச்சு. அவங்க பாடப் புத்தகத்தை மட்டும் மாத்தல, பள்ளிக்கு சோதனைப் பெட்டி குடுத்தாங்க, டீச்சருக்குப் பயிற்சி, மாசாந்திரக் கூட்டம், முக்கியமா பரீட்சையையே மாத்தினாங்க, புத்தகத்தைத் தொறந்து வச்சு எழுதற தேர்வு, செய்முறைத் தேர்வு. முப்பது வருஷம் ஓடினதை 2002-ல மாநில அரசு நிறுத்திடுச்சு. அத்தனை பேர், அத்தனை ஏற்பாட்டோட தாங்கிப் பிடிச்ச ஒண்ணை, பழைய கேள்வித்தாள், பழைய நோட்ஸ் திருத்தம், பழைய டைம்டேபிள் எல்லாம் அப்படியே இருக்கும்போது நீங்க ஒருத்தரா தோள்ல போட்டுக்கிட்டீங்க. மார்க் இறங்கினதுல இதுக்கும் பங்கு இருக்கு. பரீட்சை மாறாத வரைக்கும் வகுப்பு முழுசா மாற முடியாது, இது கசப்பான உண்மை, ஆனா இதைத் தெரிஞ்சுகிட்டு வேலை பாக்கிறவங்கதான் நீண்ட நாள் நிக்கிறாங்க.

சட்டமும் மெமோவும்

2009-ம் வருஷ கல்வி உரிமைச் சட்டத்தோட 29-வது பிரிவுல செயல்பாடு, கண்டறிதல், தேடல் வழியா குழந்தையை மையமா வச்சுக் கத்தல்னு இருக்கு, நீங்க சரியாதான் படிச்சிருக்கீங்க. ஆனா அது பாடத்திட்டத்தையும் மதிப்பீட்டு முறையையும் வகுக்கிற கல்வி அமைப்பு மனசுல வச்சுக்கணும்னு சொல்ற பிரிவு. ஒரு டீச்சர் தன் விருப்பப்படி முறையைத் தேர்ந்தெடுக்க அது தனி உரிமை தரல. அதே சட்டத்துல 24-வது பிரிவு டீச்சர் கடமைகளைச் சொல்லுது: குறிச்ச காலத்துக்குள்ள பாடத்திட்டத்தை முழுசா முடிக்கணும், ஒவ்வொரு பிள்ளையோட கத்துக்கிற திறனையும் பார்த்து தேவைன்னா கூடுதலா கத்துக்குடுக்கணும், பெத்தவங்களை முறையா சந்திச்சு முன்னேற்றத்தைச் சொல்லணும். நீங்க 29-ஐக் காட்டினா அவங்க 24-ஐக் காட்டுவாங்க, அந்தச் சண்டை உங்களுக்கு சாதகமா முடியாது.

உங்களுக்குப் பாதுகாப்பா ஒண்ணு அங்கேயே இருக்கு. கடமை தவறினதா சொல்லி ஒழுங்கு நடவடிக்கை எடுக்கிறதுக்கு முன்னாடி டீச்சர் தரப்பை சொல்ல நியாயமான வாய்ப்பு குடுக்கணும்னு அதே 24-வது பிரிவு சொல்லுது. மெமோங்கிறது அந்த வாய்ப்போட தொடக்கம்னு எடுத்துக்கோங்க, தண்டனைன்னு இல்ல. ப்ரொபேஷன்ல இருக்கிறதால, நியமன ஆணைல நோட்டீஸ் காலம் பத்தி என்ன எழுதியிருக்குன்னு இன்னைக்கே எடுத்துப் பாருங்க. விஷயம் முத்தினா சர்வீஸ் வழக்கு தெரிஞ்ச ஒரு வக்கீல்கிட்ட அந்த ஆணையைக் காட்டுங்க, அதுக்கு மேல நான் சொல்றது என் வேலைக்கு வெளியில.

ராஜினாமா, சரணாகதி, மூணாவது வழி

நடுவருஷத்துல விட்டுட்டுப் போகாதீங்கன்னுதான் சொல்வேன். உங்களுக்கு அனுபவச் சான்றிதழ் சிக்கல், நாப்பது பிள்ளைக்கு பாதில டீச்சர் மாறுறது இன்னும் பெரிய சிக்கல். ஏப்ரல் வரைக்கும் இருங்க. மாற்றுப் பள்ளிக்குப் போறது நல்ல யோசனையாகூட இருக்கலாம், ஆனா பேரைப் பார்த்துப் போகாதீங்க. ஒரு நாள் முழுக்க ஒரு வகுப்புல பின்னாடி உக்காந்து பாக்க அனுமதி கேளுங்க, ஒரு பிள்ளைக்கு ஒண்ணு வரலன்னா நீங்க என்ன பண்ணுவீங்கன்னு கேளுங்க. "காத்திருப்போம், தானா வரும்"கிறதுதான் ஒரே பதில்னா யோசிங்க. பாதி சம்பளம்ங்கிறதையும் வீட்டுல உக்காந்து பேசி முடிவு பண்ணுங்க, லட்சியத்துக்காக கடன்ல விழுந்த டீச்சர் ரொம்ப நாள் நல்லா கத்துக்குடுக்க முடியாது.

சரணாகதியும் வேண்டாம். மெமோ சொல்ற பழைய முறைன்னா என்னன்னு அதுல எழுதல, அந்த இடைவெளிலதான் உங்களுக்கு இடம் இருக்கு. ஒவ்வொரு பாடத்துலயும் ஒரு ஊகம் எழுதற கேள்வி, ஒரு செஞ்சு காட்டற சோதனை, ஒரு தெளிவான விளக்கம், ரெண்டு மூணு பயிற்சி, கடைசி எட்டு நிமிஷம் நோட்ஸ். நோட்ஸ்ல புத்தக வரையறை போர்டுல இருந்து, அதுக்குக் கீழ பிள்ளையோட சொந்த வாக்கியம் ஒண்ணு. பெத்தவங்க கேக்கிறது நோட்டுல ஏதாவது இருக்கணும்னுதான், அது நியாயமான எதிர்பார்ப்பு, அவங்களுக்கு வகுப்புல என்ன நடக்குதுன்னு தெரியிற ஒரே ஜன்னல் அந்த நோட்டுதான். முழு நீளக் கண்டறி பாடம் டெர்முக்கு ஒண்ணோ ரெண்டோ போதும், ஊசல் மாதிரி பாத்து எடுங்க. வாரா வாரம் ஸ்லிப் டெஸ்ட் வைங்க, அதுல ஒன் வேர்டோட உங்க சொந்தக் கேள்வி ஒண்ணும் சேருங்க, காரணம் கேக்கிற மாதிரி. மார்க் ஏறத் தொடங்கினதும் உங்களுக்கு இன்னும் கொஞ்சம் இடம் கிடைக்கும்.

மெமோவுக்கு நீங்க எழுதி அனுப்பின வரைவைப் பார்த்தேன், மூணு பக்கம், அதுல ரெண்டு பக்கம் பியாஜே. வேண்டாம். அரைப் பக்கம் போதும். மாணவர் புரிதலுக்காக சோதனை வழிக் கற்பித்தலைக் கூடுதலா பயன்படுத்தினேன், யூனிட் டெஸ்ட் முடிவைக் கேள்வி வாரியா ஆராய்ந்து குறையைக் கண்டிருக்கேன், இனி ஒவ்வொரு பாடத்திலும் நேரடி விளக்கமும் நோட்ஸும் பயிற்சியும் இருக்கும், மீதிப் பாடங்களை முடிக்கிற தேதி அட்டவணை இணைச்சிருக்கேன், தாங்கள் ஒரு நாள் என் வகுப்பைப் பார்வையிட்டு ஆலோசனை தரணும்னு கேட்டுக்கிறேன். இவ்வளவுதான். மன்னிப்புன்னு ஒரு வார்த்தையும் வேண்டாம், சட்டப் பிரிவு நம்பரும் வேண்டாம். ஹெச்.எம். பார்க்க வர்றதா சொன்னா அன்னைக்கு முட்டையும் உப்புத் தண்ணியும் எடுத்துட்டுப் போங்க. பதிலை ரெண்டு காப்பி எடுத்து, ஒண்ணுல ஆபீஸ்ல தேதியோட கையெழுத்து வாங்கி உங்க ஃபைல்ல வச்சுக்கோங்க.